கொதிநீரில் வாழ்பவனுக்கும் காய்ச்சல் வரும்

(தென்காசியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். 'அதுக்கு மேல போனா ஐந்தருவிக்கு வேன் கிளம்பிரும், கேக்க ஆள் இருக்காது' என்றும் சொல்லியிருக்கிறார். நியாயம்தான். வெளியே சாரல் அடிக்கிறது. குளிர்ந்த தண்ணீருக்குப் பேர் போன குற்றாலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொதிக்கிற தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

ஒரு சின்ன எச்சரிக்கை. நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் பாரன்ஹீட் கணக்கு. நான் சொல்லப்போவதெல்லாம் செல்சியஸ். நம் உடம்பு 37 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'கொதிக்கிற தண்ணில உசுரு இருக்குமாவே?' என்று விடுதியில் ஒரு நண்பர் கேட்டார். இருக்கும். இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா என்ற இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு; ராவணன் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். அது குளிக்கிற சூடு. இமாசலப் பிரதேசத்தில் பார்வதி ஆற்றங்கரையில் மணிகரண் என்று ஓர் ஊர் இருக்கிறது. அது சமைக்கிற சூடு. அங்குள்ள குருத்வாராவில் அரிசியையும் பருப்பையும் பாத்திரத்தில் போட்டு ஊற்றுக்குள் இறக்கி, அடுப்பில்லாமலே வேகவைப்பதைப் பார்க்கலாம். ஊர் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊற்று ஏறக்குறைய அந்த அளவைத் தொடுகிறது. அந்த மணிகரண் ஊற்றிலிருந்து டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரூப் லால் குழுவினர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 2015-ல் அதற்குத் தெர்மஸ் பார்வதியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். பார்வதிப் பள்ளத்தாக்கின் பெயர்தான்.

இந்தத் தெர்மஸ் குடும்பத்தின் மூத்த பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறது. யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளில் 1966-ல் தாமஸ் பிராக் என்பவர் தேடினார். 70 டிகிரிக்கு மேல் உயிர் வளராது என்று பாடப்புத்தகம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவரோடு வேலை செய்தவர் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவர். ஆராய்ச்சி மாணவர்கூட இல்லை. நம் ஊர் பி.எஸ்ஸி. மாதிரி இளநிலை படித்துக்கொண்டிருந்தவர். பின்னால் நிற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் இருவரும் சேர்ந்து 1969-ல் வெளியிட்ட பெயர்தான் தெர்மஸ் அக்வாட்டிகஸ். எழுபது டிகிரியில் சுகமாக வளரும். எழுபத்தொன்பது வரை தாங்கும்.

அன்றைக்கு 'இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?' என்று கேட்டிருந்தால் பிராக்கிடம் பதில் இருந்திருக்காது. 1983-ல் கேரி மல்லிஸ் பி.சி.ஆர். முறையை யோசித்தார். டி.என்.ஏ.வை ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரிக்கு அருகில் சூடாக்கி, இரண்டு இழைகளையும் பிரித்து, மறுபடி நகலெடுக்க வேண்டும். சாதாரண பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டில் செத்துப்போகும். சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. தெர்மஸ் அக்வாட்டிகஸின் நொதியைப் போட்டார்கள், பிரச்சினை தீர்ந்தது. மல்லிஸுக்கு 1993-ல் நோபல். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. நாலு மாதத்தில் கொரோனா வந்துவிட்டது. நம் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்து ஆர்.டி.-பி.சி.ஆர். என்று அனுப்பினார்களே, அந்தச் சோதனையின் உயிர்நாடி வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த இந்த நொதிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் சிறிய பாதியை அணு அணுவாகப் படம் பிடித்து 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் எடுத்துக்கொண்ட ரைபோசோம் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற ஜப்பானிய வெந்நீர் ஊற்று பாக்டீரியாவினுடையது. வெப்பம் தாங்குகிற பொருள் கட்டுக்கோப்பாக இருக்கும், படிகமாக்கலாம். நம் கையிலோ ஈ. கோலையிலோ உள்ளதுபோல் தளர்ந்து ஆடாது.

இவ்வளவும் முன்னுரை. நான் பேச வந்த கேள்வி வேறு. எழுபது டிகிரியில் பிறந்து எழுபது டிகிரியிலேயே வாழ்கிற ஒரு ஜீவனுக்கு 'சூடா இருக்கே' என்ற உணர்ச்சி எப்போதாவது வருமா?

இதற்குப் பதில் சொல்ல ஒரு ஈயிடம் போக வேண்டும். நம் விலங்கியல்காரர்களுக்குத் தெரிந்த பழ ஈ, டிரோசோஃபிலா. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்பவர் அந்த ஈயின் புழுவிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து, குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ இன்குபேட்டரின் வெப்பநிலையை ஏற்றிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுபடி பார்த்தால் குரோமோசோமில் வழக்கமில்லாத இடங்களில் புடைப்புகள். புடைப்பு என்றால் அந்த இடத்து ஜீன் விழித்து மும்முரமாக வேலை செய்கிறது என்று அர்த்தம். சூடு பட்டதும் சில ஜீன்கள் விழிக்கின்றன! ஒரு பெரிய பத்திரிகை 'இதற்கு உயிரியல் முக்கியத்துவம் இல்லை' என்று திருப்பி அனுப்பியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1962-ல் வேறொரு பத்திரிகையில் வந்தது. அந்த ஜீன்கள் செய்கிற புரதங்கள் எவை என்று தெரிய இன்னும் 12 வருஷம், 1974 வரை ஆனது. அவற்றுக்கு 'ஹீட் ஷாக் புரோட்டீன்' என்று பெயர் வந்தது. தமிழில் வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்கிறோம்.

நம் நாட்டிலும் இதே ஈயை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. எஸ்.சி. லக்கோட்டியா. கல்கத்தாவில் தொடங்கி, பின்பு பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் உழைத்தவர். சூட்டில் விழிக்கும் ஒரு ஜீன் புரதமே செய்யாமல் வெறும் ஆர்.என்.ஏ.வை மட்டும் செய்கிறது. அதன் பின்னாலேயே போனார். புரதம் செய்யாத ஜீனுக்கு அந்தக் காலத்தில் மரியாதை கிடையாது. இப்போது அதுவே ஒரு தனித் துறை.

புரதம் ஏன் சூட்டுக்குப் பயப்படுகிறது? சங்கரன்கோவில் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். புரதம் என்பது ஒரு நீண்ட நூல். ஆனால் நூலாக இருக்கும்வரை அதனால் உபயோகமில்லை. குறிப்பிட்ட விதத்தில் மடிந்து, சுருண்டு, ஓர் உருவத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும். அந்த நூலில் தண்ணீரைப் பிடிக்காத, ஒட்டுகிற பகுதிகள் உண்டு. மடியும்போது அவற்றை உள்ளே ஒளித்துக்கொள்ளும். சூடு ஏறினால் மடிப்பு அவிழும், ஒளிந்திருந்த பிசின் வெளியே வரும், பக்கத்துப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதோடு இன்னொன்று. கடைசியில் எல்லாம் ஒரே சிக்கு. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு வெளுத்துக் கெட்டிப்படுகிறதே, அது இந்தச் சிக்குதான். வெந்த முட்டையை யாராலும் பச்சை முட்டை ஆக்க முடியாது.

வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் பெரும்பாலானவை சிக்கு விழாமல் பார்த்துக்கொள்கிற ஆட்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு 'ஷாப்பரோன்' என்று பெயர். அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண்ணோடு வெளியே துணைக்குப் போகிற பெரியம்மாவை அப்படிச் சொல்வார்களாம். தமிழில் 'காப்பாளர் புரதம்' என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ 'செவிலிப் புரதம்' என்று சொல்லத்தான் ஆசை. நம் அக இலக்கியத்தில் செவிலித்தாய் செய்கிற வேலை அதுதான்: சேரக்கூடாத இடத்தில் சேராமல் பார்த்துக்கொள்வது. தமிழ்த்துறை நண்பர்கள் ஆட்சேபித்தால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது வெந்நீர் ஊற்றுக்குத் திரும்புவோம். ஜப்பானில் பெப்பு என்ற இடத்துச் சேற்று ஊற்றிலிருந்து கிடைத்தது சல்ஃபோலோபஸ் என்ற நுண்ணுயிர். இது பாக்டீரியாகூட இல்லை. ஆர்க்கியா என்ற தனிக் குலம். சூட்டோடு அமிலத்திலும் குடியிருக்கும். ஜோனதன் டிரென்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 1990-ல் இதை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எனக்குப் பிடித்த சோதனைகளில் இது ஒன்று, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

70 டிகிரியில் வளர்ந்த சல்ஃபோலோபஸை எடுத்து நேரே 92 டிகிரியில் போட்டார்கள். செத்தது. நமக்கு 43, 44 எப்படியோ அதற்கு 92 அப்படி. இன்னொரு பங்கை 70-லிருந்து எடுத்து முதலில் 88 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருந்தார்கள். அதன் பிறகு அதே 92-ல் போட்டார்கள். இந்த முறை தப்பிப் பிழைத்தவை முன்னதைவிட எத்தனை மடங்கு தெரியுமா? இரண்டு மணி நேரக் கணக்கில் பத்து லட்சம் மடங்கு வரை. ஒரே உயிர், ஒரே ஊற்று, அதே 92 டிகிரி. நடுவில் ஒரு மணி நேரம் முன்கூட்டியே தகவல் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது? மற்ற புரதங்களைச் செய்வதை அந்தச் செல் ஏறக்குறைய நிறுத்திவிட்டது. எல்லாக் கடையையும் அடைத்துவிட்டு ஒரே ஒரு புரதத்தைத்தான் பெருவாரியாகச் செய்துகொண்டிருந்தது. நாமும் ஈயும் ஈ. கோலையும் சூடு பட்டால் ஒரு டஜன் விதமான புரதங்களைச் செய்வோம். இது முக்கியமாக ஒன்றையே நம்பியது. ஈ. கோலையின் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கண்டுபிடிக்கிற எதிர்ப்பொருள்களைப் போட்டுப் பார்த்தார்கள். அவை இதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இது யார் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த வருஷம், 1991-ல், தெரிந்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்தப் புரதம் ஒரு குட்டிப் பீப்பாய் மாதிரி. ஒன்பது ஒன்பதாக இரண்டு வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்று, நடுவில் குழி. அவிழ்ந்த புரதத்தைக் குழிக்குள் வாங்கி, வாயை மூடி, வெளியே இருக்கிற கூட்டத்தோடு ஒட்டாமல் தனியறையில் வைத்து மடிய விட்டு, பின்பு திறந்துவிடும். இதற்கு ஏ.டி.பி. என்ற செல்லின் காசு செலவாகும். ஈ. கோலையிலும் இப்படி ஒரு பீப்பாய் உண்டு, வளையத்துக்கு ஏழு; ஆனால் அதற்கு மூடி தனியாக வர வேண்டும். சல்ஃபோலோபஸின் பீப்பாய்க்கு மூடி கூடவே சேர்ந்தது. ஆச்சரியம் அதுவல்ல. இந்தப் பீப்பாயின் எழுத்து வரிசையை ஒப்பிட்டபோது அது ஈ. கோலையைவிட அதிகமாக ஒத்துப்போனது நம்முடைய புரதத்தோடு! நம் ஒவ்வொரு செல்லிலும் வளையத்துக்கு எட்டாக அமைந்த ஒரு பீப்பாய் இருக்கிறது; நம் தசையிலும் செல்லின் எலும்புக்கூட்டிலும் உள்ள ஆக்டின், டியூபுலின் என்ற புரதங்கள் அதற்குள் போய்த்தான் மடிந்து வருகின்றன. தென்காசிக்காரரின் பீப்பாயும் பெப்பு சேற்று ஊற்றின் பீப்பாயும் ஒன்றுவிட்ட உறவு.

இதைவிடத் தீவிரமான ஆள் ஒருவர் இருக்கிறார். பைரோடிக்டியம். கடலடி எரிமலைச் சூட்டில் 110 டிகிரி வரை வளரும். (கடலுக்கடியில் அழுத்தம் அதிகம், தண்ணீர் நூறில் கொதிக்காது, நம் வீட்டுக் குக்கர் கதைதான்.) அதை அதன் எல்லைக்குப் பக்கத்தில், 108 டிகிரியில் வைத்துப் பார்த்தபோது செல்லின் கரையக்கூடிய புரதத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தப் பீப்பாயாகவே இருந்தது. வீட்டில் நாலு பேர் இருந்தால் மூன்று பேர் செவிலித்தாய்! 2008-ல் ஜப்பானியர்கள் 122 டிகிரியில் வளரும் ஒன்றையும் காட்டினார்கள். மருத்துவமனை ஆட்டோகிளேவின் கணக்கு 121 டிகிரி. பயப்பட வேண்டாம், அந்த உயிருக்கு நம் உடம்பு ஐஸ்பெட்டி மாதிரி. நம்மிடம் வந்தால் வளராது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ஊற்று உயிர்கள் 70 டிகிரியில் வாழ்வதே இந்தச் செவிலிகளால்தான் என்று மாணவர்கள் பரீட்சையில் எழுதுகிறார்கள். முழுக்கச் சரியில்லை. அன்றாடச் சூட்டைத் தாங்குவது அவற்றின் புரதங்களின் சொந்தக் கட்டுமானம்: நெருக்கமான மடிப்பு, கூடுதல் மின்னேற்றப் பிணைப்புகள். ஆர்க்கியாவுக்குச் செல் உறையின் கொழுப்பே வேறு ரகம். செவிலி எப்போதும் கொஞ்சம் வீட்டில் இருப்பாள்; வழக்கத்துக்கு மேல் சூடு ஏறும்போதுதான் படையாகத் திரளுவாள். அதேபோல் ஆட்டோகிளேவைச் சோதிக்கப் பயன்படுத்தும் ஜியோபேசில்லஸ் ஸ்போர் சூட்டைத் தாங்குவது வேறு தந்திரம். உள்ளே தண்ணீரைக் குறைத்துக் காய்ந்து கிடப்பதால் அது தப்புகிறது.

ஆக, சூடு என்பது ஒரு எண் இல்லை. ஈக்கு 25 வீடு, 37 காய்ச்சல். நமக்கு 37 வீடு. சல்ஃபோலோபஸுக்கு 70 வீடு, 88-ல் மணி அடிக்கிறது. வீட்டை விட்டு எத்தனை டிகிரி விலகுகிறோம் என்பதைத்தான் செல் கணக்குப் பார்க்கிறது. மறு கோடியில் ஓர் அண்டார்டிகா மீன் இருக்கிறது, டிரெமட்டோமஸ். உறைநிலைக்கும் கீழே, உப்புத் தண்ணீரில், பல லட்சம் வருஷமாகச் சூடு மாறாத கடலில் இருக்கிறது. அதைச் சூடாக்கிப் பார்த்தார்கள். புதிதாக வெப்ப அதிர்ச்சிப் புரதம் எதுவும் செய்யவில்லை என்று 2000-ல் எழுதினார்கள். கடல் நீர் ஓரளவுக்கு மேல் சூடேறினால் அது தாங்காது. மணி அடித்து ஆள் கூப்பிடுகிற ஏற்பாடே அதனிடம் இல்லாமல் போயிருக்கிறது. கடல் சூடாகிக்கொண்டிருக்கிற காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

நம் ஊருக்கு வருவோம். முதலில் அடுப்படி. சல்ஃபோலோபஸுக்குச் செய்த அதே உபகாரத்தை நாம் நோய்க்கிருமிகளுக்குச் செய்துகொண்டிருக்கிறோம். கனடாவில் 1990-ல் செய்த சோதனை ஒன்று: லிஸ்டீரியா கிருமி கலந்த இறைச்சிக் கலவையை 48 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் 64 டிகிரியில் கொல்லப் பார்த்தார்கள். சும்மா இருந்த கிருமியைவிட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் பிடித்தது. வெதுவெதுப்பில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அது செவிலிகளைத் திரட்டிக்கொண்டது. சீசன் நேரத்தில் கடை போடுகிறவர்களும் விடுதி மெஸ் நடத்துகிற தம்பிமாரும் இதைக் கேட்க வேண்டும். மதியக் குழம்பை அணைந்த அடுப்பின் ஓரத்தில் வெதுவெதுப்பாகவே ராத்திரி வரை வைத்து, பரிமாறும்போது லேசாகச் சுடவைத்துக் கொடுப்பது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம். ஒன்று, 60 டிகிரிக்கு மேல் ஆவி பறக்க வையுங்கள். இல்லை, சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்கு அனுப்புங்கள். திரும்ப எடுத்தால் 'தள தள'வென்று கொதி வரட்டும். நம் ஆச்சிமார் கொதி வந்தால்தான் இறக்குவார்கள்.

அடுத்தது மனிதர்கள். இந்தக் கூட்டத்தில் கடையநல்லூர், வடகரை, செங்கோட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. ஜூலை மாதம் விடுமுறை முடிந்து இங்கே சாரலில் நனைந்துகொண்டிருக்கிற பையன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் 45 டிகிரியில் இறங்குகிறான். மறுநாளே கட்டட வேலை. அதாவது 70-லிருந்து எடுத்து நேரே 92-ல் போடுகிறோம், நடுவில் 88 இல்லாமல்.

மனித உடம்பு ஒரு செல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் வெயிலுக்குப் பழகுவதில் பெரும் பங்கு வியர்வைக்கும் ரத்த ஓட்டத்துக்கும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக இழக்கும், ரத்தத்தின் அளவும் கொஞ்சம் கூடும். அதோடு செல்லுக்குள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் உயர்கின்றன. எல்லாம் சேர்ந்து முடிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். வெளியிடங்களில் வெப்பத்தால் ஏற்படும் தொழிலாளர் மரணங்களில் பாதிக்கு மேல் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன என்று அமெரிக்கத் தொழிற் பாதுகாப்புத் துறை சொல்கிறது. புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்க வேண்டும், தினம் ஐந்தில் ஒரு பங்காகக் கூட்ட வேண்டும் என்பது அங்குள்ள ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. ஐக்கிய அரபு எமிரேட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் காலை பத்து மணி வெயிலில் நிற்கிற புதுப் பையனையும் பத்து வருஷம் பழகிய மேஸ்திரியையும் அது ஒரே தராசில் நிறுத்துகிறது. அங்கே சூப்பர்வைசராகவும் போர்மேனாகவும் இருக்கிற நம் பழைய மாணவர்கள் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். விடுமுறை முடிந்து வருகிறவனுக்கு முதல் வாரம் நிழல் வேலை கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. அவன் கேட்க மாட்டான்; வெயில் பட்டால் என்ன, நாங்க பாக்காத வெயிலா என்பான். ஒருவனுக்குப் பேச்சு குழறி, தடுமாறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் உடனே தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

சிற்றாற்றுப் பாசன விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. நெல் பூக்கிற நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது, பதர்தான். பிசானத்துக்கு அந்தப் பயம் குறைவு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அனில் குரோவர் குழுவினர் சிறு கடுகுக் குடும்பச் செடி ஒன்றின் வெப்ப அதிர்ச்சி ஜீனை பாஸ்மதி நெல்லில் புகுத்தி, சூட்டை நன்றாகத் தாங்குவதை 2003-ல் காட்டினார்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் ஜீனைத் தொடாமலே இன்னொரு வழி பார்த்தார்கள்: நாற்றுகளை முதலில் மிதமான சூட்டில் பழக்கி, பிறகு கொல்லும் சூட்டில் வைத்து, எது பிழைக்கிறதோ அந்த வித்தைப் பொறுக்கி எடுப்பது. முதல் வழியைவிட இரண்டாவது வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம். அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை.

அதனால்தான் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு இறங்கலாம் என்று நினைக்கிறேன். 1984-ல் சோயா நாற்றுகளில் செய்த சோதனை இது. நேரே 45 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் நாற்று சாகும். முதலில் 40 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு 45-ல் வைத்தால் பிழைக்கும். நம் கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் வாட்டர் பாத் இருக்கிறது, தெர்மாமீட்டர் இருக்கிறது. பாசிப்பயறு கடைத்தெருவில் கிடைக்கும். இரண்டு நாள் முளைகட்டிய பயறை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்குக்குச் சூடே வேண்டாம். ஒரு பங்கு நேரே பெரிய சூட்டுக்கு. ஒரு பங்கு முதலில் சின்னச் சூடு, பிறகு பெரிய சூடு. பெரிய சூடு எத்தனை டிகிரி என்பது பயறுக்குப் பயறு மாறும். 45-ல் தொடங்கி இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றிப் பாருங்கள். சூடு காட்டிய பிறகு மூன்று நாள் ஈரத்துணியில் வைத்து வேரின் நீளத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். ஒரு பங்குக்கு ஐம்பது பயறாவது இருக்கட்டும். பத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முடிவு எப்படி வந்தாலும் துறைத்தலைவர் மூலமாக எனக்கு அனுப்புங்கள். அடுத்த மலரில் உங்கள் பெயரோடு போடச் சொல்லிச் செயலாளரிடம் பேசிவிட்டேன்.

வேன் ஹாரன் அடிக்கிறது.